வளர்பிறைக் கல்யாணம், அமாவாசை ஆல்பம்

அம்மி மிதித்து மெட்டி போட்டதும், அருந்ததியைப் பார்க்கச் சொல்வார் ஐயர். காலை முகூர்த்தத்தில் மண்டபத்துக்கு மேலே இருப்பது சூரியன்தான். பெண்ணும் மாப்பிள்ளையும் தலையாட்டிவிட்டு மேடைக்குத் திரும்புவார்கள். அந்த அருந்ததியை நிஜமாகவே பார்க்கும் வாய்ப்பைத் தருகிறது, இரவு வானத்தின் கீழே நடக்கும் 'போஸ்ட் வெட்டிங்' ஷூட்.

பொன்னமராவதி போன்ற ஊர்களுக்கு இதில் ஒரு வசதி. கடைவீதியின் எல்.இ.டி. வெளிச்சத்தைத் தாண்டினால் கண்மாய்க் கரையும் பொட்டலும் வந்துவிடும். மேற்கே பிறான்மலை. ஊருக்குத் தெற்கே போய், பால்வீதியைப் பிடிக்கத் தெற்கு பார்த்துக் கேமராவை வைத்தால், ஊர் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

சிக்கல் பஞ்சாங்கத்தில்தான்.

கல்யாணத்துக்கு வளர்பிறை வேண்டும். பால்வீதிப் படத்துக்கு நிலாவே ஆகாது. வளர்பிறைப் பஞ்சமி நிலா மறையவே இரவு பத்து மணி ஆகிவிடும். தசமி என்றால் இரண்டு மணி. ஆகவே நட்சத்திரப் படம் கேட்கும் ஜோடி, அமாவாசையை ஒட்டி இன்னொரு நாள் பார்த்தாக வேண்டும். புதுப்பெண்ணை அமாவாசை இருட்டில் கண்மாய்க் கரைக்கு அனுப்ப வீட்டுப் பெரியவர்களைச் சம்மதிக்க வைப்பது தனி வேலை.

மாதமும் முக்கியம். தையில் பால்வீதியின் மையம் விடியலுக்குச் சற்று முன்புதான் எழும். வைகாசியில் நள்ளிரவுக்கு மேல் நன்றாகத் தெரியும். ஆவணியில் இருட்டியதுமே தெற்கே, விருச்சிகத்தை ஒட்டி, பாதி வானம் வரை ஏறி நிற்கும். மழைமேகம் விட்டுக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அருந்ததிக்கு வைகாசிதான் தோது. இரவு ஒன்பது, பத்து மணிக்கு வடக்கே சப்தரிஷி மண்டலம் உயர்ந்திருக்கும். அதன் வாலில் நடு நட்சத்திரம் வசிஷ்டர். பக்கத்தில் மங்கலாக அருந்ததி.

ட்ரைபாட், 24 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200 என்று வைத்தால் ஷட்டர் சுமார் 20 விநாடி திறந்திருக்கலாம். அதற்கு மேல் போனால், பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். மணமகள் மீது ஃபிளாஷ் ஒரே ஒரு முறை, மெல்லிதாக. மீதி நேரம் அவர் அசையக்கூடாது; முந்தானை காற்றில் பறந்தால் ஜரிகைக்குள் நட்சத்திரம் தெரியும்.

இத்தனை பாடு எதற்கு என்று, எங்கோ எடுத்த வானத்தைக் கம்ப்யூட்டரில் ஒட்டிவிடுவதும் உண்டு. கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பொன்னமராவதியில் துருவ நட்சத்திரம் வடக்கு அடிவானத்துக்கு மேல் 10 டிகிரிதான். கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அந்த உயரம். ஆல்பத்தில் நட்சத்திரங்கள், பாதி வான உயரத்தில் நிற்கும் துருவ நட்சத்திரத்தை மையமாக வைத்து வட்டமடித்தால், கல்யாணம் பொன்னமராவதியில் நடந்திருக்கும்; வானம் மட்டும் ஐரோப்பாவிலிருந்து வந்திருக்கும்.