நட்சத்திரக் குறியும் நுகர்வோர் மௌனமும்: வாடிக்கையாளர் சேவை குறித்து ஒரு பண்புசார் ஆய்வாளரின் தற்சிந்தனை

ஆய்வுச் சுருக்கம்

நிறுவனங்கள் தம் சேவையின் தரத்தை வாடிக்கையாளர் வழங்கும் எண்களைக் கொண்டு மதிப்பிடுகின்றன. அவ்வெண்கள் எவற்றைப் பதிவு செய்கின்றன, எவற்றை மறைக்கின்றன என்பதைப் பருத்திப்பட்டில் கட்டுரையாளர் நேரில் கண்ட இரு சூழல்களின் வழி இக்கட்டுரை விளக்குகிறது. சேவைத் தர அளவீட்டின் தோற்றத்திலேயே பண்புசார் ஆய்வு அடித்தளமாக இருந்தமையையும் சுட்டுகிறது.

திறவுச் சொற்கள்: பண்புசார் ஆய்வு, சந்தைப்படுத்தல், வாடிக்கையாளர் சேவை, சேவைத் தரம், பருத்திப்பட்டு.

முன்னுரை

வணிகத்தில் நேர்மை என்பது தமிழ் மரபுக்குப் புதிய கருத்தன்று. பிறர் பொருளையும் தம் பொருள்போல் கருதி வாணிகம் செய்யவேண்டும் என்கிறது நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறள் (120). மிகுதியாகக் கொள்ளாமலும் குறைத்துக் கொடுக்காமலும் விலையை வெளிப்படையாகச் சொல்லி விற்ற வணிகரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. இவ்விரண்டும் விற்பவரின் அறத்தைப் பேசுகின்றன. வாங்குபவர் தம் மனக்குறையை எவ்வாறு வெளிப்படுத்துகிறார் என்பது இன்றைய ஆய்வாளர் முன்னுள்ள வினா.

அளவீட்டின் வேர்

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற அ. பரசுராமன், வலேரி சைதாமல், லியோனார்டு பெர்ரி ஆகிய மூவரும் 1985இல் சேவைத் தரம் பற்றிய இடைவெளி மாதிரியை வெளியிட்டனர். நான்கு வகைச் சேவை நிறுவனங்களின் மேலாளர்களிடம் ஆழ்நேர்காணலும், வாடிக்கையாளரிடம் 12 குழுக் கலந்துரையாடல்களும் நடத்தி அம்மாதிரியை உருவாக்கினர். 1988இல் வெளியான ‘சர்வ்குவால்’ என்னும் 22 கூற்றுகள் கொண்ட அளவுகோல் அதன் பின்னரே பிறந்தது. நம்பகத்தன்மை, விரைந்து உதவும் இயல்பு, உறுதிப்பாடு, பிறர்நிலை உணர்தல், புலப்படும் வசதிகள் ஆகிய ஐந்து பரிமாணங்களை அது அளக்கிறது.

முதலில் கேட்டனர், பின்னரே எண்ணினர். இவ்வரிசைமுறை நினைவில் கொள்ளத்தக்கது. பின்வந்த நடைமுறையில் கேட்டல் நழுவி, எண் மட்டும் எஞ்சியது. ஐந்து பரிமாணங்களும் சுருங்கி, கைப்பேசித் திரையில் ஐந்து நட்சத்திரங்களாகிவிட்டன.

களமும் ஆய்வாளரும்

பருத்திப்பட்டு, 2019இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்த ஆவடியைச் சேர்ந்தது. பூவிருந்தவல்லி – ஆவடி நெடுஞ்சாலையை ஒட்டி இங்குள்ள ஏரி அமைந்துள்ளது. பழைய தெருக்களும் புதிய அடுக்ககங்களும் கலந்த இப்பகுதியில் மளிகைக்கடையும் இணைய வணிகமும் ஒரே வீட்டுக்குப் பொருள் வழங்குகின்றன. இங்கு நான் வசிப்பவன், ஆய்வாளனும்கூட. எனவே கீழ்வரும் முதற்பதிவில் மகன் என்ற நிலையும் ஆய்வாளன் என்ற நிலையும் கலந்தே உள்ளன. என் தாயாரின் இசைவு பெற்றே அதனைத் தருகிறேன்.

முதற்பதிவு: இரக்கத்தின் மௌனம்

எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டி பழுதானது. சேவை மையத்தில் பதிவு செய்தும் இருமுறை சொன்ன நாளில் எவரும் வரவில்லை. உதிரிபாகம் வந்து பழுது நீங்கப் பதினொரு நாள் ஆயிற்று. என் தாயார் அன்றாடம் அத்தாமதத்தைக் கடிந்துகொண்டார். இறுதியாக வந்த இளைஞர் பொறுமையாகப் பழுது நீக்கிவிட்டு, தயங்கியபடி, “அம்மா, போன் வரும். அஞ்சு குடுத்துடுங்க. நாலு குடுத்தாக்கூட என்னைத்தான் கேப்பாங்க” என்றார். மறுநாள் அழைப்பு வந்தது. என் தாயார் ஐந்து என்றார்.

ஏன் என்று வினவினேன். “அந்தத் தம்பி என்ன பண்ணுவான்? எனக்குக் கோவம் கம்பெனி மேல. கம்பெனிக்கு மார்க் போட அவங்க எங்க இடம் வெச்சாங்க?” என்றார்.

இவ்விடையில் ஒரு கோட்பாடே அடங்கியுள்ளது. பிறர்நிலை உணர்தலில் அவ்விளைஞர் நிறைவளித்தார். நம்பகத்தன்மையில் நிறுவனம் தவறியது. ஒற்றை எண் இரண்டையும் பிரித்தறியாது. நிறுவனத்தின் தவறுக்கான தண்டனை தொழிலாளியின் ஊதியத்தில் விழும் என்று வாடிக்கையாளர் அஞ்சும்போது, உண்மை சொல்வதே அறமற்ற செயலாக அவருக்குத் தோன்றுகிறது. வாடிக்கையாளரின் எதிர்பார்ப்புக்கும் அது குறித்த மேலாண்மையின் புரிதலுக்கும் உள்ள வேறுபாட்டையே 1985ஆம் ஆண்டு மாதிரி முதல் இடைவெளி என்றது. அதைக் குறைக்க வேண்டிய கருவியே இங்கு அதனைப் பெருக்குகிறது.

இரண்டாம் பதிவு: கடனின் மௌனம்

எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் எவரிடமும் மதிப்பெண் கேட்பதில்லை. “போன தடவ வாங்கின பருப்பு நல்லா வெந்துச்சாக்கா?” என்று கேட்பார். இது திறந்தநிலை வினா. விடைக்கேற்ப அடுத்த மூட்டையை மாற்றுவார். சந்தைப்படுத்தலும் சேவையும் அங்கு ஒரே உரையாடலில் நிகழ்கின்றன.

ஆயினும் இதனை இலட்சிய வடிவமாகக் கொள்ளுதல் தவறு. கணக்கு நோட்டில் பாக்கி வைத்திருந்த பெண்மணி ஒருவர், வண்டு விழுந்த ரவையைச் சலித்துப் பயன்படுத்தினாரேயன்றித் திருப்பிக் கொடுக்கவில்லை. “பாக்கி வெச்சிக்கிட்டு எந்த மூஞ்சியோட கேக்கறது?” என்பது அவர் கூற்று. முன்னையது இரக்கத்தால் விளைந்த மௌனம். பின்னையது கடனால் விளைந்த மௌனம். இரண்டும் நிறைவு என்றே கணக்கில் ஏறும்.

சட்டமும் அதன் எல்லையும்

2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, சேவைக் குறைபாட்டை வரையறுக்கிறது. நுகர்வோர் தாம் வசிக்கும் இடத்திலேயே முறையீடு செய்யவும் வழிசெய்கிறது. 1915 என்னும் தேசிய உதவி எண்ணும் உள்ளது. எனினும் பேச முன்வருவோருக்கே சட்டம் துணையாகும். பேசாதோரின் குறையைக் கண்டறிவது ஆய்வின் பொறுப்பாகிறது.

முடிவுரை

ஒரு வீடும் ஒரு கடையும் பொதுமைப்படுத்தலுக்குப் போதா. ஆனால் எண்ணை எவ்வாறு வாசிக்கவேண்டும் என்பதற்கு இவை எச்சரிக்கை தருகின்றன. இவற்றிலிருந்து மூன்று கருத்துகளை முன்வைக்கலாம்.

1. தொழிலாளி குறித்த மதிப்பீட்டையும் நிறுவனம் குறித்த மதிப்பீட்டையும் தனித்தனியே கேட்டல் வேண்டும்.
2. எண்ணுடன் ஒரு திறந்தநிலை வினாவேனும் இடம்பெற்று, விடை வாடிக்கையாளரின் சொற்களிலேயே பதிவாதல் வேண்டும்.
3. நிறைவுக் கணக்கெடுப்புகளைப் பயன்படுத்தும் ஆய்வாளர், விடையளித்தவர் யாரைக் காக்க முயன்றார், யாருக்குக் கடன்பட்டிருந்தார் என்பதையும் வினவுதல் வேண்டும்.

என் தாயார் அளித்த ஐந்து, அவ்விளைஞருக்கு உரியது. நிறுவனம் அதைத் தனக்குரியதாக எழுதிக்கொண்டது. இவ்வேறுபாட்டைக் காண்பதற்கே பண்புசார் ஆய்வு தேவைப்படுகிறது.