சங்கிலியும் செவிலியமும்: மனநோயுற்றோரைப் பேணுதலின் அடிப்படைகள்

2001-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6-ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயுற்றோர் தங்கவைக்கப்பட்டிருந்த கொட்டகை ஒன்று தீப்பற்றி எரிந்தது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையின் ஓடித் தப்ப இயலவில்லை. 28 பேர் மாண்டனர். அடுத்த சில நாள்களில் அவ்வூரிலிருந்த இத்தகைய விடுதிகள் மூடப்பட்டு, 500-க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டனர். உச்சநீதிமன்றம் தானாகவே இதனை வழக்காக எடுத்துக்கொண்டது.

இத்தகைய விடுதிகளில் நோயுற்றோரைக் கொண்டுவந்து சேர்த்தோர் பெரும்பாலும் அவர்தம் குடும்பத்தாரே. வீட்டில் வைத்துப் பார்க்கும் வகை அறியாது, புனிதத் தலத்தருகே இருந்தால் குணமாகும் என்று நம்பி விட்டுச்சென்றனர். அக்கொட்டகையில் காவல் இருந்தது, பேணுதல் இருக்கவில்லை. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது பிற சமயத்தாரின் தலத்தை அடுத்து நிகழ்ந்தது என்று நாம் ஒதுங்கிவிடலாகாது. நம் சேகரங்களுக்கு உட்பட்ட வீடுகளிலும் பின்கட்டில் பூட்டி வைக்கப்பட்டோரை ஆயர் பலர் கண்டிருப்பர். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி ஆகிய வட்டாரங்களின் சிற்றூர்களில் ஒருவர் உறக்கமிழந்து தனக்குத்தானே பேசத் தொடங்கினால், கிறிஸ்தவக் குடும்பத்தார் முதலில் அழைப்பது மருத்துவரை அன்று, ஆயரையோ உபதேசியாரையோதான். எனவே முதல் மூன்று நாள்களில் நாம் சொல்லும் சொல் அந்நோயாளியின் பல ஆண்டுகளைத் தீர்மானித்துவிடக்கூடும்.

1. அருகிலிருந்து அறிதல்

நோயாளரைப் பேணுவோரைச் 'செவிலியர்' என்று நாம் அழைக்கும் சொல் சங்க அகப்பாடல்களின் செவிலித்தாயிடமிருந்து வந்தது. அப்பாடல்களில் வெறியாட்டு என்னும் துறை ஒன்று உண்டு. மகள் மெலிகிறாள், உண்ணாள், உறங்காள். காரணம் அறியாத தாய் இது முருகனால் வந்த அணங்கு என்று எண்ணி, வேலனை அழைத்து வெறியாடச் செய்கிறாள். மெலிவுக்குக் காரணம் காதல் என்பது தோழிக்குத் தெரியும். தோழி எங்ஙனம் அறிந்தாள்? அவள் உடனிருந்தவள், உற்றதைக் கேட்டறிந்தவள். மகளிடம் யாரும் ஒரு வார்த்தையும் கேளாமலே அவள்பொருட்டுச் சடங்கு நடைபெறுகிறது என்பதே அத்துறையின் துயரமாகும். மதுரையோடு மரபால் இணைந்த அவ்விலக்கியம் காட்டும் இப்பிழை இன்றும் நம் செபக் கூட்டங்களில் நிகழ்கின்றது.

இக்காலத்து மனநலச் செவிலியமும் இவ்வுண்மையையே அடித்தளமாகக் கொண்டுள்ளது. அமெரிக்கச் செவிலியராகிய ஹில்டகார்டு பெப்லாவ் 1952-இல் வெளியிட்ட நூலில், செவிலியர்க்கும் நோயாளர்க்கும் இடையே வளரும் உறவே மருத்துவத்தின் ஒரு கருவி என்று நிறுவினார். அவ்வுறவுக்குத் தொடக்கம் உண்டு, சேர்ந்து உழைக்கும் காலம் உண்டு, முறையாகப் பிரியும் முடிவும் உண்டு. நட்பினின்று இது வேறுபடுவது, நோயாளரின் தேவை ஒன்றையே அது மையமாகக் கொண்டிருத்தலால் ஆகும். குறித்த நேரத்தில் வருதல், சொன்னதைச் செய்தல், இனி வர இயலாதெனின் முன்னரே அறிவித்தல் ஆகிய இவை எளிய செயல்கள் போலத் தோன்றும். உலகமே நம்பத்தகாததாகிவிட்ட ஒருவருக்கோ இவை மருந்துக்கு நிகரானவை.

2. கண்டதைக் கண்டபடி கூறுதல்

செவிலியர் தம் குறிப்பேட்டில் முடிவுகளை எழுதார்; கண்டவற்றையே எழுதுவர். 'முரட்டுத்தனமாக இருந்தார்' என்பது முடிவு. 'உணவுத் தட்டைத் தள்ளிவிட்டார். மூன்று மணி நேரம் சுவரை நோக்கி நின்றார். இரவில் இரண்டு மணி நேரமே உறங்கினார்' என்பது கண்டது. ஆயர் ஒருவர் நோயாளரை மருத்துவரிடம் அனுப்பும்போது 'பேய் பிடித்தவர் போல் ஆடுகிறார்' என்று எழுதுவதைக் காட்டிலும், மாற்றம் எப்பொழுது தொடங்கியது, உறக்கம், உணவு, பேச்சு, குளியல், வேலை ஆகியவற்றில் எது மாறியது என்று எழுதுவாராயின் பெரும்பயன் விளையும்.

இவ்வாறு காணப் பழகினால் உயிருக்கு இடரான சில நிலைகளை உடனே இனங்காணலாம். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் எழுப்புதல் கூட்டத்தில் பொருத்தனை செய்து ஒரே நாளில் குடியை நிறுத்துகிறார். இரண்டு மூன்று நாள்களில் கை நடுங்குகிறது; வியர்வை கொட்டுகிறது; வலிப்பு வரலாம்; சுவரில் பாம்பும் பூச்சியும் ஊர்வதாகக் கூறி அலறுகிறார். சபையார் பிசாசின் தாக்குதல் என்கின்றனர். உண்மையில் இது மது திடீரென நின்றதால் வரும் மூளைக் குழப்பம். மருத்துவமனைக்கு அன்றே கொண்டுசெல்லாவிடில் உயிர் போகலாம். அவ்வாறே, நேற்றுவரை தெளிவாயிருந்த முதியவர் காய்ச்சலோடு இடமும் நேரமும் தெரியாமல் பிதற்றுவாராயின் அது பெரும்பாலும் உடல்நோயின் அறிகுறியே. குழந்தை பெற்ற சில நாள்களில் தாய் உறக்கமற்று விபரீதமாகப் பேசுதலும் ஒருநாளும் காத்திருக்கத் தகாத நிலையாகும்.

அசுத்த ஆவிகளைக் குறித்த இறையியல் வினாவை இங்கு நாம் ஆராயப் புகவில்லை. அவ்வினாவுக்கு எவ்விடை கூறுவோராயினும், செபத்தின்பொருட்டு மருத்துவத்தைத் தள்ளிவைத்தல் தகாது என்பதில் உடன்படுதல் வேண்டும்.

3. பேசும் முறை

மனச்சிதைவு நோயுற்றவர் பிறர்க்குக் கேளாத குரலைக் கேட்கிறார். அயலார் தமக்கு நஞ்சு வைப்பதாக உறுதியாய் நம்புகிறார். அவரோடு வாதிட்டு வெல்ல முயலுதல் பயனற்றது. 'ஆம், உண்மைதான்' என்று ஒத்துப் பாடுதல் தீங்கானது. செவிலியர் கொள்ளும் நடுவழி ஒன்று உண்டு. "தம்பி, அந்தக் குரல் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் உனக்குக் கேட்கிறது, அதனால் நீ பயந்துபோயிருக்கிறாய் என்பது எனக்குப் புரிகிறது" என்று கூறலாம். பின்பு அக்குரல் தன்னையோ பிறரையோ துன்புறுத்தும்படி கட்டளையிடுகிறதா என்று கேட்டறிதல் வேண்டும். குரலைத் தாழ்த்தி, சிறு வாக்கியங்களாய், எட்ட நின்று, வாயிலை மறிக்காது பேசுதல் நன்று. பத்துப் பேர் சூழ்ந்து நின்று உரத்த குரலில் செபித்தல் அவரது அச்சத்தைப் பெருக்கும்.

மனச்சோர்வு நோயுற்றவரிடம் தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்டால் அவ்வெண்ணத்தை நாமே ஊட்டியவராவோம் என்று பலர் அஞ்சுகின்றனர். இவ்வச்சத்திற்கு ஆதாரம் இல்லை. நேரடியாகவும் கனிவாகவும் கேட்டல் சுமையைக் குறைக்கிறது. 'விசுவாசி இப்படி எண்ணலாமா' என்னும் கண்டனமோ அவரது வாயை அடைத்துவிடும். எண்ணம் உண்டு என்று கூறுபவரைத் தனியே விடாது, அன்றே மருத்துவரிடம் சேர்த்தல் வேண்டும்.

உழவர் வாழும் நம் சமவெளியில் செய்யவேண்டிய மற்றொன்றும் உண்டு. வீட்டிலுள்ள பூச்சிமருந்தை அப்புறப்படுத்துதல் அல்லது பிறர் பொறுப்பில் பூட்டிவைத்தல் வேண்டும். இலங்கை அரசு 1995-இலும் 1998-இலும் கொடிய நச்சுடைய பூச்சிமருந்துகளைத் தடைசெய்தது. பின்வந்த ஆண்டுகளில் அந்நாட்டின் தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. உயிர்விடும் எண்ணம் பலருக்குச் சில மணி நேரத்தில் தணிகின்றது. அந்நேரத்தில் நஞ்சு கைக்கெட்டாதிருந்தால் உயிர் தப்புகிறது.

4. மருந்தும் உபவாசமும்

சூரைச்செடியின் கீழ்ச் சாவை வேண்டிய எலியாவுக்கு முதலில் கிடைத்தவை உறக்கமும் அடையும் தண்ணீருமே. ஓரேபின் கேள்வி அதன் பின்னரே வந்தது. உணவு, உறக்கம், நீர், தூய்மை ஆகியவற்றைக் கவனித்தலே செவிலியத்தின் அன்றாடப் பணி. மருந்தும் அதனோடு சேர்ந்தது.

இங்கு ஆயர் சில செய்திகளைத் தெளிவாக அறிந்திருத்தல் நலம். மனச்சிதைவுக்கான மருந்துகளால் சிலருக்கு உடல் விறைப்பு, கை நடுக்கம், ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு முதலியன உண்டாகும். இத்தவிப்பைக் கண்டு நோய் முற்றியது எனக் கருதி மருந்தை நிறுத்துவர். மருத்துவரிடம் கூறினால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். மனச்சோர்வுக்கான மருந்துகள் பயன்தரச் சில வாரங்கள் ஆகும். ஐந்தாம் நாளில் 'பயனில்லை' எனக் கைவிடலாகாது.

இருமுனைக் கோளாறுக்கு வழங்கும் லித்தியம் மிகுந்த கவனத்திற்குரியது. குருதியில் அதன் அளவை அவ்வப்போது சோதித்தல் வேண்டும். உடலில் நீரும் உப்பும் குறைந்தால் அது நச்சளவுக்கு ஏறிவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் வியர்த்து, மூன்று நாள் தண்ணீருமின்றி உபவாசிக்கும் ஒருவர் லித்தியம் உட்கொள்பவராயின், வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் நடுக்கம், நாக்குழறல், தள்ளாட்டம் தோன்றி உயிருக்கே இடராகலாம். ஆகையால் உபவாச செபத்தை ஒழுங்குசெய்யும் ஆயர், மருந்து உட்கொள்வோர்க்கு விலக்கு உண்டு என்று யாரையும் சுட்டாது பொதுவில் அறிவித்துவிடுதல் நன்று.

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுவே: செபத்தால் ஆறுதல் பெற்ற ஒருவரிடம் 'இனி மாத்திரை வேண்டாம்' என்று கூற நமக்கு அதிகாரம் இல்லை. நோய் தணிந்திருப்பது பல வேளைகளில் மருந்து தொடர்வதாலேயே. நிறுத்திய சில வாரங்களில், சில திங்களில் நோய் மீண்டும் வரும்போது, தம் விசுவாசம் பொய்த்தது என்னும் குற்ற உணர்வையும் அவர் சுமக்க நேரிடும்.

5. குடும்பம்

நம் நாட்டு மனநல மருத்துவத்தின் தனிச்சிறப்பு குடும்பத்தை மருத்துவத்தின் பங்காளியாக்கியதாகும். 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளரோடு உறவினரையும் மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்களில் தங்கச் செய்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் நோயாளருடன் குடும்பத்தார் தங்கிப் பேணக் கற்கும் முறையை வளர்த்தது.

குடும்பத்தார் பேசும் வகை நோயின் போக்கை மாற்றவல்லது. இலண்டனில் ஜார்ஜ் பிரௌனும் அவருடன் உழைத்தோரும் 1972-இல் வெளியிட்ட ஆய்வில், ஓயாத குறைகூறலும் வெறுப்பும் அளவுமீறிய தலையீடும் உள்ள வீடுகளுக்குத் திரும்பிய மனச்சிதைவு நோயாளர்க்கு நோய் மீள்வது மிகுதி என்று கண்டனர். 'சோம்பேறி', 'வேலைக்குப் போகாமல் தின்கிறான்' என்னும் வசைகளுக்கு முன், எழுந்திராமையும் பேசாமையும் நோயின் கூறுகளே என்பதைக் குடும்பத்தார்க்கு விளக்குதல் ஆயர் செய்யத்தக்க செவிலியம். அதேவேளையில், ஆண்டுக்கணக்கில் உறங்காது பேணும் தாயைக் குற்றஞ்சாட்டுதலும் தகாது. அவருக்கு வேண்டியது ஓய்வு. சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் சபையார் ஒருவர் அவ்வீட்டில் இருப்பாராயின், அது பல பிரசங்கங்களுக்கு ஈடாகும்.

"ஒரு கல்யாணத்தை நடத்திவைத்தால் எல்லாம் சரியாகிவிடும், ஐயா" என்று பெற்றோர் நம்மிடம் வருவதுண்டு. திருமணம் மனநோய்க்கு மருந்தன்று. நோயுற்றவர்க்கும் மணவாழ்வில் உரிமை உண்டு. ஆயின் நோயை மறைத்து நடத்தும் மணம் இருவரையும் வஞ்சிக்கிறது. மறைப்பதற்காக மணமகள் மருந்தை ஒளித்துவைத்து, பின்பு நிறுத்திவிடும் நிலையும் நேர்கிறது. ஓலை வாசிக்கும் முன் இதனைத் தனிமையில் பேசித் தீர்த்தல் நம் கடமை. பேசியதை வெளியிடாதிருத்தலும் நம் கடமையே. நோயாளரின் பெயரை அவர் இசைவின்றிச் செபக் குறிப்பில் வாசித்தல், பலர் நடுவே அவரை அடையாளமிட்டு நிறுத்துவதாகும்.

6. சட்டமும் சபையும்

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. மனநோயுற்றோரை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று அது திட்டமாக விலக்குகிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, தண்டியாது பேணவேண்டும் என்றும் கூறுகிறது. காவல்துறைக்கு அஞ்சி நிகழ்ந்ததை மறைக்கும் குடும்பத்தார்க்கு நாம் இதனை எடுத்துரைக்கலாம். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 1992-இல் மதுரையில் நிறுவப்பெற்ற எம். எஸ். செல்லமுத்து அறக்கட்டளை மறுவாழ்வுப் பணி ஆற்றிவருகிறது. 14416 என்னும் டெலி-மானஸ் தொலைபேசி எண் 2022 அக்டோபர் முதல் நாள் முழுவதும் கட்டணமின்றி உதவுகிறது.

கெரசேனர் நாட்டில் கல்லறைகளில் வாழ்ந்த மனிதனை அவ்வூரார் பலமுறை சங்கிலியால் கட்டிப் பார்த்தனர். அவர்களுக்குத் தெரிந்த வழி அதுவாயிருந்தது. அவன் இயேசுவோடு செல்ல விரும்பியபோதும், தன் இனத்தாரிடம் வீட்டிற்குப் போகும்படி அனுப்பப்பட்டான் என்பதை நாம் கவனித்தல் வேண்டும். மனநலச் செவிலியத்தின் இலக்கும் வீடு திரும்புதலே. திரும்பி வருபவரை ஏற்கும் வீடும் சபையும் இருக்கவேண்டுமே என்பதுதான் வினா.

ஆகவே இறையியல் மாணவர் பயிலுங்காலத்திலேயே சில வாரங்களேனும் மருத்துவமனையின் மனநலப் பிரிவில் செவிலியர் அருகிருந்து கற்றல் வேண்டும். ஆயர்கள் தத்தம் சேகரத்தில் மனநோயுற்றோர் உள்ள வீடுகள் எவை என அறிந்து, திங்களுக்கொருமுறையேனும் அங்குச் செல்லுதல் வேண்டும். செல்லும்போது, பேணுபவரிடம் மட்டும் பேசித் திரும்பாது, பின்கட்டில் இருப்பவரின் அருகேயும் சிறிது நேரம் அமர்வோமாக.