கடற்கரை வீட்டுப் பூட்டும் துருவும்

மனிதன் வீடு கட்டி வாழத் தலைப்பட்ட நாள்தொட்டுக் கதவும் தாழும் அவனுடன் வாழ்ந்து வருகின்றன. பண்டைத் தமிழர் கோட்டைக் கதவின் பின்னே கணையமரம் இட்டுக் காத்தனர். திருவள்ளுவரும் அன்புடைமை என்னும் அதிகாரத்தைத் தொடங்குங்கால், அன்பை மூடிவைக்க வல்லதொரு தாழும் உளதோ என வினவியே தொடங்குகின்றார். திறவுகோலுக்கு இன்று நாம் வழங்கும் சாவி என்னும் பெயரோ போர்த்துக்கீசியர் மொழியினின்று வந்து நம் வீட்டில் குடியேறியது. இத்துணைப் பழமையும் பழக்கமும் உடைய பூட்டின் தொழில் யாது என வினவின், கள்வனைத் தடுத்தல் என்றே எவரும் விடை கூறுவர். அவ்விடை பாதியே பொருந்தும். உடையவன் வேண்டும்பொழுது தடையின்றித் திறத்தலும் அதன் தொழிலாகும். கடற்கரையூர்களில் உள்ள பூட்டுகள் முதலில் மறப்பது இவ்விரண்டாம் தொழிலையே. அதன் காரணத்தையும் அதனைத் தடுக்கும் வழியையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

புதுக்கோட்டை என்றவுடன் திருமயம் கோட்டையும் சித்தன்னவாசல் ஓவியமும் பலர் நினைவுக்கு வரும், கடல் வருவதில்லை. அதற்குக் காரணமும் உண்டு. 1948ஆம் ஆண்டில் இந்திய ஒன்றியத்துடன் இணைந்த பழைய சமஸ்தானத்திற்குக் கடற்கரையே கிடையாது. 1974ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டம் அமைந்தபொழுது, தஞ்சை மாவட்டத்தினின்று பிரிந்து வந்த அறந்தாங்கிப் பகுதியுடன் கடலும் வந்து சேர்ந்தது. கட்டுமாவடி, மணமேற்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் ஆகிய ஊர்கள் பாக்கு நீரிணையின் காற்றை நாள்தோறும் நுகர்வன. ஆகவே ஒரே மாவட்டத்தில் இரும்புக்கு இருவேறு வாழ்நாள் உண்டு. இதனை யாம் நூலிற் படித்தறிவதற்கு முன்னரே வீட்டில் கண்டறிந்தோம்.

எம் பாட்டியார் மணமேற்குடியை அடுத்த மீனவர் சிற்றூர் ஒன்றில் வாழ்பவர்; எம் அத்தையார் திருமயத்திற்கு அருகே வாழ்பவர். 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இருவரும் அறந்தாங்கிக் கடைத்தெருவில் ஒரே வகைப் பூட்டை ஆளுக்கொன்றாக வாங்கினர். பளபளக்கும் முலாம் பூசிய இரும்புப் பூட்டுகள் அவை. பாட்டியார் வீட்டில் எப்பொழுதும் ஆள் இருந்தமையால், அவர் பூட்டு மாதக்கணக்காகக் கொண்டியில் சும்மா தொங்கிக் கிடந்தது. அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாள் மாலை, கஜா புயல் நெருங்குகின்றதெனக் கேட்டு, அவர் அதனை அழுத்திப் பூட்டிவிட்டு ஊராருடன் பள்ளிக்கட்டிடத்திற் சென்று தங்கினார். மறுநாள் விடியுமுன் புயல் வேதாரணியத்தின் பக்கம் கரையைக் கடந்தது. காற்றுத் தணிந்தபின் திரும்பி வந்து சாவியை இட்டால், சாவி திரும்பவில்லை. உள்ளே அவருடைய நீரிழிவு மாத்திரைகளும் நனையாத துணிகளும் இருந்தன. வலிந்து திருப்பவே சாவி முறிந்தது. எந்தையார் கல்லால் அடித்தபொழுது பூட்டு உடையாமல், நாதாங்கி நிலைமரத்தின் ஒரு துண்டோடு பெயர்ந்து வந்தது. மின்விளக்கும் இல்லாத அந்நாட்களில், பாட்டியார் பல இரவுகள் தாழில்லாக் கதவின் பின்னே கண்விழித்திருந்தார். திருமயத்துப் பூட்டோ எளிதில் திறந்தது. அப்பொழுது எமக்கு வயது பன்னிரண்டு. பூட்டைச் செய்தவனை யாம் பழித்தபொழுது, “பூட்டைக் குற்றம் சொல்லாதே அப்பு, காற்றைக் கேள்” என்றார் பாட்டியார். காற்றைக் கேட்டதன் பயனே இக்கட்டுரை.

துரு என்பது மூப்பினால் வருவதன்று. இரும்பும், காற்றிலுள்ள உயிர்வளியும், நீரும் ஆகிய மூன்றும் கூடியவிடத்தே தோன்றுவது அது. இம்மூன்றில் ஒன்றை விலக்கினும் துரு இல்லை. நன்கு உலர்ந்த காற்றில் இரும்பு நெடுங்காலம் ஒளி குன்றாதிருக்கும். அங்ஙனமாயின் உப்பு செய்வது யாது? உப்பு தானே இரும்பை உண்பதில்லை. உண்பவர்க்குப் பந்தி விரித்து வைக்கின்றது. தூய நீரில் மின்னோட்டம் எளிதிற் செல்லாது. உப்பு கரைந்த நீரில் எளிதிற் செல்லும். துருப்பிடித்தல் மின்வேதி வினையாதலின், உப்புநீரில் அது விரைகின்றது. உலோகங்களின் மேல் இயல்பாகப் படியும் மெல்லிய காப்புப் படலத்தையும் உப்பிலுள்ள குளோரைடு துளைத்துவிடுகின்றது.

இதனினும் நுட்பமானது ஒன்றுண்டு. மழைக்காலத்தில் அடுக்களையில் உப்புச்சாடி கசிவதை யாவரும் கண்டிருப்பர். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டை எட்டியதும் சோற்றுப்பு காற்றினின்று நீரை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே நீரை ஈர்க்கும். ஆகவே கடற்காற்றின் உப்புப் பூட்டின் மேற் படிந்துவிட்டால், வெயிற்காலத்திலும் அது முற்றும் உலர்வதில்லை. மேலே தொட்டுப் பார்ப்பவன் கைக்கு ஈரம் தெரியாது. சாவித்துளையின் உள்ளேயோ ஈரம் வற்றாது. ஒரு லிட்டர் கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு உண்டு. அலை உடையும்பொழுது தோன்றும் நுண்துளிகள் அவ்வுப்பைச் சுமந்து கரையேறுகின்றன. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் அவை மிகுதி. கரையினின்று சில நூறு மீட்டர் உள்ளே செல்வதற்குள் அவ்வுப்பின் பெரும்பகுதி படிந்து குறைந்துவிடும். திருமயத்துப் பூட்டு பிழைத்ததன் மறைபொருள் இதுவே.

துரு தான் தின்ற இரும்பைப் போல் இரண்டு மடங்கிற்கும் மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்வது. வேலியிலுள்ள கம்பிக்கு அதனாற் பெருங்கேடு விரைவில் இல்லை. பூட்டினுள்ளேயோ, லீவர் எனப்படும் தகடுகளும் சிறு வில்சுருள்களும் மயிரிழை இடைவெளியில் இயங்குகின்றன. அவ்விடைவெளியைத் துரு நிரப்பிவிட்டால், வெளியே உறுதியாகத் தோன்றும் பூட்டு உள்ளே கல்லாகிவிடும். கள்வனுக்கு அது தடையாவதினும் உடையவனுக்கே பெருந்தடையாகும்.

தமிழ் மொழி இரும்பின் கேட்டைத் துரு என்றும், செம்பின் கேட்டைக் களிம்பு என்றும் வேறு பெயரிட்டு வழங்குவது கருதத்தக்கது. இரும்பின் துரு பொருக்காய் உதிர்ந்து, புதிய இரும்பைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டே செல்லும். செம்பின் பச்சைப் படலமோ பெரும்பாலும் ஒட்டிநின்று உள்ளிருக்கும் உலோகத்தை ஓரளவு போர்த்திக் காக்கும். பித்தளைப் பூட்டு கடற்கரையில் நெடுநாள் நிற்பதன் காரணம் இதுவாம். எனினும் பித்தளை உடலில் இரும்பு வளையம் பொருத்திய பூட்டில் ஒரு குறை உண்டு. இருவேறு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொடின், வலியது பிழைக்க எளியது விரைந்து அழியும். ஈண்டு அழிவது இரும்பு. இவ்வுண்மையையே நன்மைக்குப் பயன்படுத்தியவர் ஆங்கில அறிஞர் ஹம்ப்ரி டேவி. 1824ஆம் ஆண்டில் அவர், கப்பல்களின் அடியிற் போர்த்திய செப்புத் தகட்டைக் காக்க, அதனோடு சிறிய துத்தநாகத் துண்டுகளையும் இரும்புத் துண்டுகளையும் இணைத்துக் காட்டினார். அத்துண்டுகள் தாம் அழிந்து செம்பைக் காத்தன. கொண்டிக்கும் ஆணிக்கும் துத்தநாகம் தோய்த்தவற்றை வாங்குக என்பது இக்கொள்கையின் வீட்டுப் பயனாகும்.

இத்துறையில் ஆராய்ச்சி செய்வோரைத் தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் அண்டை நகரான காரைக்குடியில், வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் ஈந்ததால், 1948ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்று 1953ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. அந்நிலையத்தார் மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் நிறுத்தி, அவை இழக்கும் எடையை அளந்து ஆராய்ந்துள்ளனர். அதே கடலின் மேல் 1914ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பாம்பன் இருப்புப்பாதைப் பாலம், ஓயாது வண்ணம் பூசிக் காக்கப்பெற்றும், 2022ஆம் ஆண்டு டிசம்பரில் இரயில் போக்குவரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. 2025ஆம் ஆண்டு ஏப்பிரலில் திறக்கப்பெற்ற புதிய பாலத்தில் துருவேறா எஃகுக் கம்பிகளும் சிறப்பு வண்ணப்பூச்சும் இடம்பெற்றன. பெரும்பாலத்தை வருத்தும் காற்று சிறு பூட்டை விட்டுவைக்குமோ?

இனி, செய்யத்தக்கன யாவை எனக் காண்போம். புதிதாக வாங்குவோர் முலாத்தின் பளபளப்பில் மயங்கலாகாது. முலாத்தின் ஊசித்துளை ஒன்றின் வழியே துரு புகுந்து அடியில் பரவும். உடலும் உள்ளுறுப்பும் பித்தளையாலாய பூட்டு நன்று; வளையம் துருவேறா எஃகாயின் மிக நன்று. துருவேறா எஃகிலும் 304 என்னும் வகை கடற்கரையில் பழுப்புக் கறை கொள்ளும். மாலிப்டினம் கலந்த 316 என்னும் வகையே உப்பைத் தாங்கும். 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டும் நம் நாட்டுக் கைத்திறனுக்குச் சான்றாய் இருக்கின்றது. ஆயின் எப்பூட்டாயினும் பேணாதவனிடத்து நில்லாது.

பேணும் முறையில் முதன்மையானது எண்ணெய் என்று பலரும் நினைப்பர். அன்று, முதன்மையானது நன்னீர். உப்பைப் போக்காமல் எண்ணெய் இடுதல், புண்ணைக் கழுவாமல் கட்டுவதை ஒக்கும். பூட்டைக் கழற்றி, உப்புச் சுவையில்லாத குடிநீரில் சிறிதுபொழுது அமிழ்த்தி, சாவியை இட்டுப் பலமுறை திருப்பி, நீரை மாற்றி மீண்டும் அலசுக. பின்னர்ச் சாவித்துளை கீழ்நோக்க வைத்து நீர் வடியவிட்டு, வெயிலில் நன்கு உலர்த்துக. அதன்பின் தையல் இயந்திரத்திற்கு இடும் மெல்லிய எண்ணெயில் இரண்டொரு துளி இட்டுச் சாவியைப் பலமுறை திருப்பி, மிகுந்ததைத் துணியால் துடைத்துவிடுக. புரட்டாசியில் மழைக்கு முன்னர் ஒருமுறையும், தையில் மழை ஓய்ந்தபின் ஒருமுறையும் இதனைத் தவறாது செய்தல் வேண்டும். புயலோ கடற்சாரலோ அடித்தபின் மற்றுமொருமுறை செய்க. கதவோடு பதித்த பூட்டாயின், ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, எண்ணெயிடுதல் போதும்.

தேங்காயெண்ணெய் இடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. நாட்பட அது சிக்குப்பிடித்து மணலை ஈர்ப்பதோடு, புளித்துப் பித்தளையில் களிம்பையும் விளைக்கும். பென்சில் கரித்தூள் உள்நாட்டிற்கு ஏற்றது. கடற்கரையின் உப்பீரத்தில் கரியும் இரும்பும் கூடினால், முன்னர்க் கூறிய இரு பொருள்களின் பகையே நேரும். பூட்டை நெகிழித்தாளால் இறுகக் கட்டுதலும் தவறு. அது ஈரத்தை உள்ளே சிறைவைக்கும். பழைய மிதிவண்டிக் குழாயின் துண்டொன்றைப் பூட்டின் மேலே கதவில் அறைந்து, கூரைபோலத் தொங்கவிட்டால் சாரல் தடைப்படும்; காற்றும் உலாவும். யாம் கையாள்வது இதுவே. எல்லாவற்றினும் எளியது, பயன்படாத பூட்டையும் வாரத்திற்கு ஒருமுறை திறந்து மூடுதலாம். இறுகிவிட்ட பூட்டை வலியத் திருப்பலாகாது. சில துளி மண்ணெண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவைத்து, மெல்லத் தட்டித் திருப்புக.

இவற்றிற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. வேண்டுவது நினைவு ஒன்றே. கள்வன் என்றோ ஒருநாள் வருவான், வாராமலும் போவான். உப்புக்காற்று நாள்தோறும் வந்து சாவித்துளையில் கைவைக்கின்றது. புயலுக்கு அஞ்சி ஓடிய ஏழை திரும்பி வருங்கால், அவன் மருந்தையும் உடையையும் அவனுக்கே மறுக்கும் பூட்டு காவலன் ஆகாது. கஜா புயலுக்குப்பின் எம் பாட்டியார் வாங்கியது திண்டுக்கல்லில் செய்த மாங்காய்ப் பூட்டு. அது இன்றும் அக்கதவிலேயே இருக்கின்றது. விடுமுறைக்கு யாம் செல்லுந்தோறும் எம்மிடம் முதலில் வருவது உணவன்று. ஒரு கிண்ணம் நன்னீரும் அப்பூட்டுமே.