பெரியப்பா, இதுல ஒரு கையெழுத்து!

போன வாரம் ஆபீஸிலிருந்து வந்து இன்னும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. தம்பி பையன் நாலு பக்கக் காகிதம் ஒன்றை நீட்டினான்.

“பெரியப்பா, இதுல ஒரு கையெழுத்து!”

பையன் என் வீட்டில் தங்கி பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி இரண்டாம் வருஷம் படிக்கிறான். லோக்கல் கார்டியன் அடியேன். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் குமாஸ்தா உத்தியோகம் பார்த்து நான் கற்ற ஒரே பாடம், படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. எனவே படித்தேன். ‘ஆர்கானிக் லேபில் மாணவர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை’ என்று தலைப்பு. மொத்தம் 32 விதிகள்.

“இவ்வளவையும் படிச்சுட்டு நீ எப்போடா லேபுக்குப் போவே?”

“நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் போகவே முடியும் பெரியப்பா.”

நானும் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிதான். நம்ப மாட்டீர்கள். காவிரிக் கரையில் ஒரு காலேஜ், 1987 பாட்ச். இன்றைக்கு என் மேஜையில் இருக்கிற ஒரே கெமிக்கல், ஸ்டாம்ப் பேட் மை.

முதல் விதி: பத்து நிமிஷம் லேட்டாக வந்தால் கதவு சாத்தப்படும். இதை எங்கள் ஆபீஸில் கொண்டுவந்தால் உள்ளே நானும் வாட்ச்மேனும்தான் இருப்போம். இரண்டாவது: அன்றைக்கு என்ன செய்யப் போகிறோம், எந்தக் கெமிக்கல் எத்தனை கிராம், எது தீப்பிடிக்கும், எது தோலைப் பொசுக்கும் என்று முந்தின நாளே நோட்டில் எழுதிக்கொண்டு வர வேண்டும். எழுதாதவனுக்கு உள்ளே இடமில்லை. நாங்களெல்லாம் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு அப்புறம் சமையல் குறிப்பைத் தேடியவர்கள்.

அப்சர்வேஷன் நோட்டில் பேனாவால்தான் எழுத வேண்டுமாம். ரப்பர் கூடாது. வைட்னர் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டும். அடித்தது என்ன என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். இதைப் படித்ததும் எனக்கு ஆஸ்பிரின் ஞாபகம் வந்தது.

தலைவலிக்கு இல்லை. ஆர்கானிக் லேபின் அரிச்சுவடியே ஆஸ்பிரின் தயாரிப்பதுதான். 2 கிராம் சாலிசிலிக் ஆசிட்டில் அசெட்டிக் அன்ஹைட்ரைடு ஊற்றி, சல்ஃப்யூரிக் ஆசிட் நாலு சொட்டு விட்டு, வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, ஐஸ் தண்ணீரில் கொட்டினால் வெள்ளை வெளேரென்று பொடி இறங்கும். கணக்குப்படி 2.6 கிராம். பிரம்மதேவனே வந்து பீக்கரைப் பிடித்தாலும் அதற்கு மேல் வராது. நிஜத்தில் ஃபில்டர் தாளில் கொஞ்சம் ஒட்டும், தண்ணீரில் கொஞ்சம் கரையும், கீழே கொஞ்சம் சிந்தும். 2 கிராம் தேறினால் கெட்டிக்காரன்.

எங்கள் வகுப்பில் ஒருவன் 3.1 கிராம் என்று எழுதினான். புரொபசர் பொடியைத் தொட்டுப் பார்த்தார். “தம்பி, இதுல அரை கிராம் காவேரித் தண்ணி. காய வெச்சு எடுத்துட்டு வா” என்றார். அவனாவது அப்பாவி, ஈரத்தோடு நிறுத்துவிட்டான். என்னை மாதிரி ஆசாமிகளுக்கு வந்தது 1.2 என்றால் எழுதுவது 2.3. மெல்டிங் பாயிண்ட் பார்க்கிற வழக்கமே கிடையாது. புத்தகத்தில் 135 டிகிரி என்று போட்டிருக்கிறதா, ஒன்றைக் குறைத்து 134 என்று எழுதுவோம். எங்கள் நேர்மை மொத்தமும் அந்த ஒரு டிகிரியில்தான் இருந்தது!

பையன் காகிதத்தில் இதற்கும் விதி இருக்கிறது. வந்தது குறைவாக இருந்தால் மார்க் குறையாது, ஏன் குறைந்தது என்று எழுதினால் போதும். நடக்காததை எழுதினால் அன்றைய சோதனைக்கே பூஜ்யம். எங்களுக்கும் அன்றைக்கு இப்படி ஒருவர் சொல்லியிருந்தால் உண்மையை எழுதியிருப்போமா? சந்தேகம்தான். ரெக்கார்டு நோட்டில் ஸ்கெட்ச் பேனாவால் பார்டர் போட்டால் மார்க் விழுந்த காலம் அது.

12-ம் விதி: லேபில் சாப்பிடாதே, குடிக்காதே, எதையும் நாக்கில் வைக்காதே.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1879-ல் அமெரிக்காவில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த ஃபால்பெர்க் என்பவர், கையைச் சரியாகக் கழுவாமல் போய் ரொட்டியைக் கடித்தார். தித்தித்தது. அதுதான் சாக்கரின். 1937-ல் இல்லினாய்ஸில் மைக்கேல் ஸ்வேடா என்கிற மாணவர், லேப் மேஜையில் வைத்திருந்த சிகரெட்டை எடுத்து உதட்டில் வைத்தார். அதுவும் தித்தித்தது. சைக்ளமேட். 1976-ல் லண்டனில் நம் நாட்டுக்காரர் சசிகாந்த் ஃபட்னிஸ், ‘டெஸ்ட்’ பண்ணு என்று சொன்னதை ‘டேஸ்ட்’ பண்ணு என்று காதில் வாங்கிக்கொண்டு, நிஜமாகவே நாக்கில் வைத்துவிட்டார். சுக்ரலோஸ்! இன்று சர்க்கரை வியாதிக்காரர்கள் காபியில் போட்டுக்கொள்கிறார்களே, அது.

“அப்ப நாக்குல வெச்சாத்தான் கண்டுபிடிக்க முடியுமா பெரியப்பா?” என்றான் பையன், முறுக்கைக் கடித்துக்கொண்டே.

ஷீலே கதையைச் சொன்னேன். ஸ்வீடன்காரர், ஆக்சிஜனை முதன்முதலில் பிரித்தெடுத்தவர்களில் ஒருவர். எதைச் செய்தாலும் ருசி பார்க்கிற பழக்கம். ஆர்சனிக், மெர்க்குரி என்று புழங்கியவர் வேறு. 1786-ல் போய்ச் சேர்ந்தார். வயது 43. பையன் முறுக்கைக் கீழே வைத்தான்.

சிங்க்கில் எதையும் கொட்டாதே என்று ஒரு பக்கம் முழுக்க இருந்தது. ஒவ்வொரு கழிவுக்கும் தனித்தனி பாட்டில், லேபிளோடு. எங்கள் காலத்தில் எல்லாமே சிங்க்தான். ஒருத்தன் மிச்சமிருந்த சோடியத்தையும் அதில் போட்டு, டமால்! மறுநாள் பிளம்பர் வந்தார்.

17-ம் விதிக்கு வந்தேன். ‘முழங்கால் வரை நீண்ட, முழுக்கை வைத்த பருத்தி கோட் கட்டாயம். பாலியஸ்டர் கூடாது. ஒருவர் கோட்டை இன்னொருவர் அணியக் கூடாது.’

கடைசி வாக்கியத்தை என்னால் தாண்ட முடியவில்லை.

மூன்றாம் வருஷம் புது கோட் வாங்க அப்பா கொடுத்த பணத்தில், அப்போது வந்திருந்த ‘மௌன ராகம்’ இரண்டு தடவை பார்த்தேன். மீதிக்குப் பிரியாணி. கூட வந்தவன் பக்கத்து பெஞ்ச் நண்பன். பெயர் வேண்டாம், இந்தப் பத்திரிகையை வாரா வாரம் வாங்குகிறவன்.

லேப் வாசலில் அட்டெண்டர் நிற்பார். கோட் இல்லாதவனை உள்ளே விட மாட்டார். அதற்கு நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். அவன் கோட்டோடு உள்ளே போவான். பின்பக்க ஜன்னல் வழியாகக் கழற்றி என்னிடம் நீட்டுவான். அதை மாட்டிக்கொண்டு நான் வாசல் வழியாக ராஜநடை. உள்ளே போனதும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். பாதி நாள் கொடுக்க மாட்டேன். அவனும் கேட்க மாட்டான். “இந்தப் புழுக்கத்துல கோட் இல்லாம இருக்கறதே சுகம்டா” என்பான்.

1987 பிப்ரவரியில் ஒரு நாள். அவனுக்கு இரண்டு பொருள் சேர்ந்த கலவை கொடுத்திருந்தார்கள். ஈதரில் கரைத்துப் பிரிக்க வேண்டும். ஈதர் 35 டிகிரியில் கொதித்துவிடும். நம் ஊர் வெயிலே போதும். அதன் ஆவி காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், மேலே போகாது. மேஜை மேலேயே ஊர்ந்துகொண்டு எங்கே தீ இருக்கிறது என்று தேடிப் போகும். அதனால் பர்னர் பற்ற வைக்குமுன் “ஈதர் இருக்கா?” என்று உரக்கக் கேட்க வேண்டும். அன்றைக்கும் இது விதிதான். சுவரில் எழுதியே வைத்திருந்தார்கள்.

நான் லேட். சோடியம் உருக்கு டெஸ்ட் செய்தாக வேண்டும். கேட்கவில்லை. தீக்குச்சியைக் கிழித்தேன்.

மேஜை மேல் நீலமாக ஒன்று ஓடியது. அவ்வளவுதான் பார்த்தேன். அடுத்த கணம் அவன் வலது கையில் தீ. டெரிலின் சட்டை. பருத்தி மாதிரி கருகி உதிராது. உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

நாங்கள் பர்னால் எங்கே என்று ஓடினோம். எட்டாங்கிளாஸ் படித்த அட்டெண்டர், வாளி மணலை மேஜை மேல் கொட்டிவிட்டு, ஈரச் சாக்கால் அவன் கையை அமுக்கி, குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனார். யாரோ சட்டையைப் பிய்க்கப் போக, “இழுக்காதீங்க! தோலும் சேர்ந்து வந்துடும்!” என்று கத்தினார். இருபது நிமிஷம் அந்தக் கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கவே விடவில்லை. இன்றைக்கு முதலுதவிப் புத்தகங்கள் சொல்வதும் இதைத்தான்.

விசாரணை நடந்தது. “பர்னரைப் பத்த வெச்சது யாரு?” லேபில் நாலைந்து பர்னர்கள் எரிந்துகொண்டிருந்தன. யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். ஆஸ்பத்திரியில் அவனைக் கேட்டார்கள். “கவனிக்கலை சார்” என்றான். “உன் கோட் எங்கே?” “மறந்துட்டேன் சார்.”

மாணவரின் கவனக்குறைவு, கோட் அணியவில்லை என்று ரிப்போர்ட் போனது. அந்தக் கோட் என் ரூமில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தடவை பிராக்டிகல் பரீட்சைக்கு அவனால் வர முடியவில்லை. அக்டோபரில் தனியாக வந்து எழுதினான். அதற்குள் நான் சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு வேலை தேட ஆரம்பித்திருந்தேன்.

என் ரெக்கார்டு நோட்டில் அந்தத் தேதிக்கு பென்ஸாயிக் ஆசிட், மெல்டிங் பாயிண்ட் 121 என்று அழகாக எழுதியிருக்கிறது. புத்தகத்தில் 122. கீழே புரொபசர் கையெழுத்தும் இருக்கிறது.

ரொம்ப வருஷம் கழித்து இன்னொரு செய்தி படித்தேன். 2008 டிசம்பர் 29. லாஸ் ஏஞ்சலீஸில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஒரு லேப். ஷெரி சாங்ஜி என்கிற பெண், வயது 23. காற்று பட்டாலே தீப்பிடிக்கிற ஒரு திரவத்தைச் சிரிஞ்சில் எடுக்கும்போது அதன் பின்தண்டு கழன்று வந்துவிட்டது. அவர் கோட் போட்டிருக்கவில்லை. போட்டிருந்தது செயற்கை இழை ஸ்வெட்டர். 18 நாள் உயிருக்குப் போராடி இறந்துபோனார். புரொபசர் மேல் கிரிமினல் வழக்கே வந்தது. அதையெல்லாம் பிறகுதான் தெரிந்துகொண்டேன். முதல் தடவை ஸ்வெட்டர் என்ற வார்த்தையோடு மூடி வைத்துவிட்டேன்.

நண்பன் நன்றாக இருக்கிறான். மருந்து கம்பெனியில் வேலை பார்த்தான்; பேத்தி பிறந்தாயிற்று. கல்யாண வீடுகளில் பார்த்துக்கொள்வோம். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவான். தீக்குச்சி கிழித்தது நான்தான் என்று அவனுக்குத் தெரியும், நேர் எதிரில் நின்றவன். அவனுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அதைப் பற்றிப் பேசியதில்லை. இந்த வாரம் இதைப் படித்துவிட்டு அவன் போன் பண்ணுவான். எடுத்து என்ன சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

“என்ன பெரியப்பா, 17-லயே நின்னுட்டீங்க?”

மீதியையும் படித்து முடித்துக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் ஆபீஸில் ஒரு மணி நேரம் பெர்மிஷன் போட்டுவிட்டுக் கடைக்குப் போய் பருத்தி கோட் வாங்கி வந்தேன். இரண்டு.

“எதுக்கு பெரியப்பா ரெண்டு?”

“ஒண்ணு உனக்கு. கோட் இல்லாம எவனாவது ஜன்னல் பக்கம் வந்து நின்னான்னா இன்னொண்ணை அவனுக்குக் குடு. உன்னுதைக் கழட்டாதே.”

“ஜன்னலா? எங்க லேப் மூணாவது மாடி பெரியப்பா!” என்றான்.