நாக்கைக் கடித்துக்கொள்ளும் நேரம்

பல்பொருள் அங்காடி ஒன்றில் ஒருவர் கை பட்டு, அடுக்கி வைத்திருந்த காகிதச் சுருள்கள் சரிந்து விழுகின்றன. கன் செமினும் ஆண்டனி மான்ஸ்டெடும் 1982-இல் வெளியிட்ட ஆய்வுக்காக இந்தக் காட்சியைப் படமாக்கிப் பலருக்குக் காட்டினார்கள். ஒரு படத்தில் அவர் கூனிக் குறுகுகிறார். இன்னொன்றில் எதுவும் நடக்காததுபோல் நிற்கிறார். பார்த்தவர்களுக்குப் பிடித்தது கூனிக் குறுகியவரைத்தான். கூச்சத்தைப் பற்றி நாம் போடும் கணக்கின் பிழை இங்கே தெரிகிறது. தவறு வெளியே தெரிந்துவிட்ட பிறகு, நம்மைக் காப்பாற்றக்கூடிய ஒன்றைத்தான் அவசர அவசரமாக மறைக்கிறோம்.

பிறர் மனம் நமக்குப் பொருட்டு என்பதைச் சொல்லாமல் சொல்வது கூச்சம். சரளமாகப் பொய் பேசத் தெரிந்தவர்கூட முகச் சிவப்பை வேண்டும்போது வரவழைக்க முடியாது. அதனால்தான் அதை நம்புகிறோம். பெர்க்லியில் ஃபைன்பெர்க், வில்லர், கெல்ட்னர் மூவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்விலும், கூச்சம் காட்டியவர்களையே மற்றவர்கள் கூடுதலாக நம்பினார்கள். நம் ஊரில் இதற்கென்றே ஒரு முகம் உண்டு: நாக்கைக் கடித்துக்கொள்வது. ஹைட்டும் கெல்ட்னரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வுக்காக ஒடிசாவிலும் அமெரிக்காவிலும் அந்த முகத்தைக் காட்டிக் கேட்டபோது, இந்தியர்கள் புரிந்துகொண்ட அளவுக்கு அமெரிக்கர்கள் புரிந்துகொள்ளவில்லை. ‘அடடா, தெரியாமல் செய்துவிட்டேன்’ என்பதை ஒரு நொடியில் சொல்லும் அந்த முகத்தை அழகான கண்டுபிடிப்பு என்றே சொல்வேன்.

கூச்சத்தை ரசிக்கப் பழகினால் வெட்கம்கெட்டுப் போய்விடமாட்டோமா என்ற கேள்வி நியாயமானது. நாணுடைமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கிய வள்ளுவர், அதன் முதல் குறளிலேயே தகாத செயலுக்கு நாணுவதை மற்ற நாணத்திலிருந்து பிரித்துவிடுகிறார். இங்கே பேசுவது கை தவறியதற்கும் வாய் குழறியதற்கும் வரும் கூச்சத்தை மட்டுமே. இன்னொரு மறுப்பு கனமானது. காபியைக் கொட்டிக்கொண்ட திறமைசாலியை மக்களுக்குக் கூடுதலாகப் பிடித்தது, சாதாரணமானவரின் மதிப்போ இறங்கியது என்று எலியட் அரான்சன் 1966-இலேயே காட்டினார். நேர்காணலுக்கு வந்த புதியவருக்கு இது உண்மையாகவே வலிக்கும். ஆனால் கொட்டிய காபியை அள்ள முடியாது. அதன் பிறகு எப்படி இருப்பது என்பது மட்டும்தான் அவர் கையில் இருக்கிறது. அங்கே பாசாங்கைவிடக் கூச்சமே துணை.

கூச்சத்தை மறைக்காமல் இருக்கப் பழகுவது எப்படி? நியூயார்க் உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ், தன்னிடம் வந்தவர்களை ரயிலில் அடுத்து வரும் நிலையத்தின் பெயரை உரக்கச் சொல்லவைத்தார். யாருக்கும் கெடுதல் வரக்கூடாது என்பது நிபந்தனை. கத்துவது இதில் சின்ன வேலை. கத்திய பிறகு இறங்கி ஓடாமல், எல்லாரும் பார்க்க அதே பெட்டியில், காதின் சூடு தானாகத் தணியும்வரை பயணம் செய்வதுதான் பயிற்சி.