வெயிலில் பதியும் நீலப்படம்

கோடைகால ஒளிப்படப் பயிலரங்குகளில் பழைய முறை, டிஜிட்டல் முறை, சோதனை முறை மூன்றையும் ஒருசேரக் கற்க ஏற்றது சயனோடைப் எனும் நீல அச்சு. 1842-இல் இங்கிலாந்து அறிவியலர் ஜான் ஹெர்ஷல் இதைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே ஆனா அட்கின்ஸ் கடற்பாசிகளை இம்முறையில் பதித்து, ஒளிப்படங்கள் கொண்ட முதல் நூலாகக் கருதப்படும் தொகுப்பை வெளியிடத் தொடங்கினார்.

ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு கரைசல்களைக் கலந்து, மங்கிய வெளிச்சத்தில் தாளில் பூசி உலர்த்த வேண்டும். அதன்மேல் ஓர் இலையை வைத்து, கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டினால், புற ஊதாக் கதிர் பட்ட இடங்களில் நீரில் கரையாத நீல நிறமி உருவாகும். உச்சி வெயிலில் சில நிமிடங்களே போதும். பிறகு தாளை நீரில் அலசினால் மஞ்சள்பச்சைப் பூச்சு கரைந்தோடி, நீலப் பின்னணியில் இலை வெள்ளையாகத் தெரியும். இருட்டறை தேவையில்லை.

கைபேசிப் படத்தையும் இப்படி அச்சிடலாம். கணினியில் அதை நெகட்டிவாக மாற்றி, ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் அச்செடுத்து, இலை இருந்த இடத்தில் வைத்தால் போதும். முடிந்த அச்சைச் சலவைச் சோடா கலந்த நீரில் வெளுத்து, தேயிலைச் சாற்றில் ஊறவைத்தால் நீலம் பழுப்பாக மாறும்.