கேட்டா கோவிப்பாங்களா?

அம்பாறை மாவட்டத்துக் கடலோர ஊரான மருதமுனையில் ஒரு காலம் பிள்ளை பார்க்க ஆள் தேடும் வேலை இருக்கவில்லை. உம்மா தறியில் இருந்தால் பிள்ளை மூத்தம்மாவின் மடியில் இருக்கும், இல்லாவிட்டால் சாச்சி வீட்டு முற்றத்தில் விளையாடும். இன்று உம்மா டீச்சர், அல்லது கச்சேரியில் உத்தியோகம். மூத்தம்மாவுக்கு முழங்கால் வலி. சாச்சி கட்டாரில். ஆகவே இரண்டு வயதுப் பிள்ளை ஒரு பையும் தண்ணீர்ப் போத்தலுமாக டே கெயாருக்குப் போகிறது.

அந்த டே கெயாரை நடத்துபவரும் அந்நியரல்ல. கூடப் படித்தவராக இருப்பார், மச்சியின் உறவாக இருப்பார், குறைந்தது அடுத்த தெருக்காரராகவாவது இருப்பார். சிக்கலும் அதில்தான். கிணற்றுக்கு மூடி இருக்கிறதா என்று கேட்க வாய் வருவதில்லை. “நம்மட ஆக்கள்தானே, கேட்டா கோவிப்பாங்க” என்று பேசாமல் வந்துவிடுகிறோம். சட்டமும் முறையிடும் இலக்கமும் இல்லாமல் போவதைவிட, இந்தக் கூச்சத்தால்தான் நம் ஊர்களில் அதிகம் விடுபட்டுப் போகிறது என்று எனக்குப் படுகிறது.

2024 நவம்பர் 26ஆம் திகதியை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. நிந்தவூர் மதரஸா ஒன்றின் மாணவர்கள் வெள்ளத்தினிடையே உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி வீடு திரும்பினார்கள். காரைதீவு – மாவடிப்பள்ளி வீதிக்கு மேலால் பாய்ந்த தண்ணீர் வண்டியைப் புரட்டியது. ஆறு மாணவர்கள் உட்பட எட்டுப் பேர் மவுத்தானார்கள். மதரஸாவின் அதிபர் உட்படச் சிலரைப் பொலிஸார் கைது செய்தார்கள். அது டே கெயார் அல்ல, பிள்ளைகளும் கைக்குழந்தைகள் அல்ல. ஆனாலும் அன்று எழுந்த கேள்வி பிள்ளையை ஒப்படைக்கும் எந்த இடத்துக்கும் பொருந்தும். அசாதாரணமான ஒரு நாளில் பிள்ளை எப்போது, எதில், யாருடன் வெளியே போவது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? பெற்றோருக்குக் கோல் எடுக்கும் பொறுப்பு யாருக்கு? சேரும்போதே கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. மாதக் கட்டணம் எவ்வளவு என்பதை அதற்குப் பிறகு கேட்டாலும் பரவாயில்லை.

கடலோர ஊருக்கு இன்னொன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமியில் அம்பாறை மாவட்டம் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, போயாவும்கூட. அதே அலை ஒரு வேலை நாளில் வந்திருந்தால்? பிரதான வீதிக்குக் கிழக்கே, கடல் பக்கம் இருக்கும் நிலையமென்றால், பதினைந்து பிள்ளைகளை இரண்டு பெண்கள் எந்த ஒழுங்கையால் மேற்கே கொண்டுபோவார்கள், நடக்கத் தெரியாதவற்றை யார் தூக்குவது என்று கேளுங்கள். “அல்லாஹ் பாதுகாப்பான்” என்று பதில் வந்தால் ஆமீன் சொல்லிவிட்டு, மறுபடியும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

சாதாரண நாட்களின் ஆபத்துகள் சத்தமில்லாதவை. நம் மணல் பூமியில் ஆழம் தோண்டாமலே தண்ணீர் வந்துவிடும், அதனால் வளவுக்கு வளவு கிணறு. தவழும் பிள்ளைக்குக் கிணறு கூடத் தேவையில்லை, குளியலறை வாளியில் பாதித் தண்ணீரே போதும். மூழ்கும் பிள்ளை கத்துவதில்லை. கச்சானும் முழுத் திராட்சையும் தொண்டையில் அடைக்கும். பொம்மையிலிருந்து கழன்ற பட்டன் பற்றரியை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். அடுப்படிக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் கதவு வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்ததை மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும், முகத்துப் பக்கம் தலையணை கூடாது.

சுவரில் தொங்கும் சான்றிதழையும் ஒருதரம் வாசியுங்கள். கிழக்கு மாகாணத்தில் பாலர் பாடசாலைகளுக்கென்று தனியான கல்விப் பணியகம் இருக்கிறது. ஆனால் காலையில் பாட்டும் படமுமாக நடக்கும் பாலர் பாடசாலை வேறு, பின்னேரம் வரை பிள்ளைக்குத் தீத்தி, கழுவி, தூங்க வைப்பது வேறு. ஒரே கட்டடத்தில் இரண்டும் நடக்கும்போது அந்தக் காகிதம் எதற்குக் கிடைத்தது என்று பார்க்க வேண்டும். பகல் பராமரிப்பு நிலையங்களுக்கான வழிகாட்டியைத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை வெளியிட்டிருக்கிறது. பிரதேச செயலகத்தின் முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் விசாரித்தால் இந்த விஷயங்கள் தெளிவாகும்.

இனி, மனம் விரும்பாத பகுதி. பிள்ளையின் உடம்பில் ஒரு கன்றல். நடை பழகும் பிள்ளைக்கு முழங்காலிலும் நெற்றியிலும் அடிபடாத கிழமை இல்லை. அதற்காக டீச்சரோடு சண்டைக்குப் போவது அநியாயம். காது, கழுத்து, கன்னம், நெஞ்சு, வயிறு, முதுகு ஆகிய இடங்களில் கன்றல் கண்டால் கதை வேறு, தானாக விழுந்து அவ்விடங்களில் அடிபடுவது குறைவு. இன்னும் உருளாத கைக்குழந்தையின் உடம்பில் எந்தக் கன்றலைக் கண்டாலும் டொக்டரிடம் காட்ட வேண்டும். திகதி தெரியும்படி படம் எடுங்கள். என்ன நடந்தது என்று நிலையத்தில் கேட்டு, அவர்கள் சொன்னதை அவர்களுடைய வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். காயத்தோடு ஒட்டாத விளக்கமும், ஆளுக்கு ஆள் மாறும் விளக்கமும் கவனிக்க வேண்டியவை.

பிள்ளையிடம் கேட்பதில்தான் பெரும்பாலான பெற்றோர் தடுக்கி விழுகிறார்கள். அமெரிக்காவில், கலிபோர்னியாவின் மான்ஹட்டன் பீச்சில் 1983இல் மக்மார்ட்டின் பாலர் பாடசாலை மீது, சிறுவர் துஷ்பிரயோகம் என்று ஒரு தாய் முறையிட்டார். பொலிஸார் ஏறக்குறைய 200 பெற்றோருக்குக் கடிதம் அனுப்பி, பிள்ளைகளிடம் விசாரிக்கச் சொன்னார்கள். அதன்பின் விசாரித்தவர்கள் நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடம் விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்து, திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பாடசாலைக்கு அடியில் சுரங்கம் இருந்தது என்றுகூடப் பிள்ளைகள் சொன்னார்கள். 1990இல் எல்லாம் முடிந்தபோது ஒருவர்கூடக் குற்றவாளியாகக் காணப்படவில்லை. ஏதாவது உண்மையில் நடந்திருந்தாலும் அந்தக் கேள்விகளே அதை மூடியிருக்கும்.

ஆகவே “மிஸ் அடிச்சவவா?” என்று கேட்காதீர்கள். மூன்று வயதுப் பிள்ளை உம்மாவின் முகத்தைப் பார்த்து ‘ஓம்’ சொல்லும். “இது எப்படி வந்த, மகள்?” என்று ஒருதரம் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். சொன்னால் கேளுங்கள், சொல்லாவிட்டால் விடுங்கள். மாமிக்கும் பெரியம்மாவுக்கும் முன்னால் மறுபடி சொல்ல வைக்க வேண்டாம். சொல்லத் தெரியாத பிள்ளைக்கு உடம்புதான் வாய். ஒருவரைக் கண்டதும் விறைப்பது, நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வருவது, கழுவும்போது அலறுவது. இவற்றுக்கு வேறு காரணமும் இருக்கலாம், புதுத் தம்பி பிறந்தாலும் இப்படி நடக்கும்.

சந்தேகம் வலுத்தால் 1929. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச இலக்கம், 24 மணி நேரமும் எடுக்கலாம், தமிழிலும் பேசலாம். பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும், பொலிஸின் சிறுவர், பெண்கள் பிரிவிலும் முறையிடலாம். தண்டனைச் சட்டக் கோவையில் 1995இல் சேர்க்கப்பட்ட 308அ பிரிவு, தன் பராமரிப்பில் இருக்கும் 18 வயதுக்குக் குறைந்தவரை வேண்டுமென்றே தாக்குவதோடு துன்புறுத்துவதையும் கவனியாமல் விடுவதையும் குற்றமாக்குகிறது. இரண்டு முதல் பத்து வருடம் வரை சிறை. பராமரிப்பவர் உறவுக்காரர் என்பதற்காக அந்தப் பிரிவு வளைந்து கொடுக்காது. பள்ளிவாசல் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கலாம் என்று யாராவது வருவார்கள். கட்டணத் தகராறை அப்படி முடிக்கலாம், பிள்ளையின் உடம்பில் உள்ள அடியை முடிக்க முடியாது. கமெரா இருந்தால் பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள், பல கருவிகளில் சில நாட்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்.

நல்ல நிலையத்தை எப்படி அறிவது என்று கேட்பார்கள். ஒருநாள் உங்களுக்கு வேலை முடியப் பிந்துகிறது, உங்கள் நானாவை அனுப்புகிறீர்கள். வாசலில் அவரை மறித்து, “பேர் பட்டியல்ல இல்ல, உம்மாவுக்கு கோல் எடுத்துக் கேட்டுட்டுத்தான் தருவன்” என்கிறார் அங்கிருக்கும் தங்கச்சி. நானா கொதித்துப்போய் உங்களுக்குக் கோல் எடுக்கிறார்: “என்ன, என்னையே தெரியாதாமா அவக்கு?” அவரைச் சமாதானப்படுத்த ஒரு பிளேன்டி ஊற்றிக் கொடுங்கள். பிள்ளையை மட்டும் அந்த நிலையத்திலிருந்து எடுத்துவிடாதீர்கள்.